முட்டி டாக்டரைப் பார்க்காத சனிக்கிழமைகள்

என் நங்கைக்கு,

எங்கே இருந்தாலும் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்க. உங்க மேல எனக்கு நிறையக் கோபம் இருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லாமல் போய்விட்டதால், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. ஆளாளுக்குத் தனியாகச் சொல்லியும் மாளவில்லை.

அண்ணன் மனைவியை நங்கை என்று கூப்பிடுவது நம்ம பக்கத்து வழக்கம். முப்பத்தைந்து வருஷம் அப்படியே கூப்பிட்டதில், உங்களுக்கு ருக்மணி என்று ஒரு பேர் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சூலூர் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துத்தான் ஞாபகம் வந்தது. பேருக்குக் கீழே 'அடுப்படியே ஆலயமாய், இல்லமே உலகமாய் வாழ்ந்த அன்னை' என்று அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்கு அழுகை நின்றுபோய் எரிச்சல் வந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களும் அதையே சொன்னார்கள். வாசப்படி தாண்டாத பொம்பளையாம். காபி போட்டு வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போனது பெரிய புண்ணியமாம். அதில் என்ன புண்ணியம் நங்கை? நான் ஒரு மூலையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த அம்மா பதினோரு நாளைக்கு முன்னால் கோயமுத்தூரில் ஓவியக் கண்காட்சி பார்த்தாங்க, இத்தாலி ஓட்டல் மேஜையில் உட்கார்ந்திருந்தாங்க என்று சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

உங்களுக்கு முட்டி வலி வந்தது நிஜம். அண்ணனுக்குத் தறிக்குடோனை விட்டு நகர முடியாது. உங்க பையன் பிரபு திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டிப் பார்ப்பவன். நான்தான் ரிட்டயர் ஆகி, என் ஊட்டுக்காரரும் போய்ச் சேர்ந்து, அடுத்த வீதியில் சும்மா இருந்தேன். அதனால் உங்களைக் கூட்டிப்போகிற வேலை எனக்கு வந்தது. ரேஸ்கோர்ஸ் பக்கத்தில் ஒரு கட்டடம், முதல் மாடியில் முட்டி டாக்டர். நமக்குக் கிடைத்த டோக்கன் நாற்பத்திரண்டு. உள்ளே போய்க்கொண்டிருந்தது ஒன்பது.

உட்கார இடமில்லாமல் கீழே இறங்கி வந்தோம். கீழ்த்தளத்தில் கண்ணாடிக் கதவு, உள்ளே சுவரெல்லாம் படம். நீங்க செருப்பை வெளியே கழற்றி விட்டீங்க. மேஜையில் இருந்த ஷோபா, அப்போது பேர் தெரியாது, செருப்போடவே வரலாம்மா என்று சொல்லிக்கூட நீங்க கேட்கவில்லை. சும்மா பாக்கலாமுங்களா என்று மட்டும் கேட்டீங்க. சும்மா பார்க்கத்தான் வெச்சிருக்கோம் என்றார் அவர். டோக்கன் நாற்பதைத் தாண்டினது நமக்குத் தெரியவே இல்லை.

டாக்டர் உங்களைப் பார்த்து, பத்து நாளைக்கு மாத்திரை எழுதி, தினமும் நடங்க, இனி வர வேண்டியதில்லை என்று அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது சிங்காநல்லூரில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே நீங்க கேட்டீங்க: "அடுத்த மாசமும் வரச் சொன்னாருன்னு ஊட்டுல சொல்லிப்போடலாமா அம்மணி?"

நான் சிரித்தேன். நீங்க சிரிக்கவில்லை. அப்படி ஆரம்பித்ததுதான்.

ஏறக்குறைய இரண்டு வருஷம். மாசத்தில் ஒரு சனிக்கிழமை. புதுசாகப் படம் மாட்டினால் ஷோபா எனக்கு வாட்ஸப்பில் அனுப்புவார். உங்க முட்டிக்கு அடுத்த தேதி கிடைத்துவிட்டது என்று நான் அண்ணனிடம் போய்ச் சொல்லுவேன். எத்தனை பொய் நங்கை. முட்டியில் ஜவ்வு தேய்ந்திருக்கிறதாம், லைட் வைக்கிறார்களாம், பட்டை போடுகிறார்களாம் என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் இட்டுக் கட்டினேன். நீங்க வாயைத் திறக்காமல் பக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டு நிற்பீங்க.

படம் பார்க்கிறதில் உங்களுக்கு இருந்த பிடிவாதத்தை என்னவென்று சொல்வது? இடுப்பில் குடத்தோடு நிற்கிற கிராமத்துப் பொம்பளை படம் என்றால் உங்களுக்கு ஆகாது. இவளுக்கு இடுப்பே வலிக்காதா, ஒரு சொட்டுக்கூடச் சிந்தக் காணோமே என்று முணுமுணுப்பீங்க. ஒன்றுமே வரையாமல் வெறும் சாம்பல் நிறத்தை மேலும் கீழுமாகப் பூசியிருந்த படத்துக்கு முன்னால் மட்டும் போய் நிற்பீங்க. இதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாள் சலித்துக்கொண்டு கேட்டேன்.

"சமையக்கட்டு படம்னா பாத்திரம் கழுவோணும்னு தோணுது. காடு தோட்டம்னா தண்ணி கட்டோணும்னு தோணுது. இதுல எனக்கு ஒரு வேலையும் இல்ல அம்மணி" என்றீங்க.

அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். அதே ரோட்டில் நாலு கட்டடம் தள்ளி இருந்த அந்த இத்தாலி ஓட்டலுக்குள் பசி தாங்காமல்தான் முதலில் நுழைந்தோம். நான் மெனுவை வாசிக்க வாசிக்க, புரியாத பேருக்கெல்லாம் நீங்க தலையாட்டினீங்க. மெல்லிசாகச் சுட்ட பீட்சா வந்தது. தக்காளி, ரொட்டி, சீஸ், மேலே நாலு துளசி மாதிரி இலை. நம்மூட்டுத் தக்காளிக்கு இப்படி ஒரு ருசி இருப்பது தெரியாமலே இத்தனை வருஷம் ரசம் வைத்துவிட்டோமே என்றீங்க. ஸ்பகெட்டியை ஃபோர்க்கில் சுற்றி எடுக்க இரண்டாவது மாசமே பழகிக்கொண்டீங்க. எனக்கு இன்னும் வரவில்லை, சட்டென்று நழுவி முந்தானையில் விழுகிறது.

காளான் போட்ட ரிசோட்டோ என்கிற அரிசிச் சாப்பாடு சாப்பிட்ட அன்று, சமைத்தவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டீங்க. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர் ஒருவர், ஏதோ குறை சொல்லப்போகிறோம் என்று கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இதை எவ்வளவு நேரம் கிண்டினீங்க என்று கேட்டீங்க. இருபது நிமிஷம், நடுவில் கையை எடுக்கக் கூடாது என்றார். "கை வலிக்கிறதில்லீங்களா?" என்று கேட்டீங்க. அந்த மனுஷன் உங்களையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை என்றார். நம்ம வீட்டில் உங்களிடம் யாராவது கேட்டோமா? நான் கேட்டேனா? நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அந்தக் கடைசி சனிக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு மாட்டியிருந்ததெல்லாம் வெறும் கோடுகளால் வரைந்த படங்கள். எனக்குப் பிடிக்கவில்லை. நீங்க நடுவில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தீங்க. நான் இரண்டு சுற்று சுற்றி வந்து, போலாமா என்று கேட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் என்றீங்க. வெளியே போய் மகளோடு போன் பேசிவிட்டு வந்தேன். அப்பவும் அதே இடத்தில், அதே படத்தைப் பார்த்தபடி. சரி, பிடித்துப்போயிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

ஓட்டலில் நீங்க சாப்பிடவில்லை. வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொல்லி உங்க தட்டை என் பக்கம் தள்ளினீங்க. உங்க பங்கையும் நான்தான் சாப்பிட்டேன் நங்கை. நல்லா இருக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன்.

பதினோராவது நாள் நீங்க இல்லை. மாரடைப்பு என்றார்கள்.

காரியமெல்லாம் முடிந்ததும் பிரபு அந்த முட்டி டாக்டர் விஷயத்தைக் கையில் எடுத்தான். இரண்டு வருஷம் மாசாமாசம் பார்த்தவருக்கு இதயத்தில் கோளாறு இருப்பது எப்படித் தெரியாமல் போனது, நேரில் போய்க் கேட்கப்போகிறேன் என்றான். அவனுக்கும் யார் மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. டாக்டர் பேர் என்ன அத்தை என்று போன் மேல் போன். மறந்துபோச்சு கண்ணு என்று சொல்லிச் சமாளித்தேன். ஒரு தப்பும் செய்யாத மனுஷனிடம் போய் இவன் சண்டை போடுவானே என்று சோறு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் உங்களுக்குக் கொடுத்த வாக்கு போய்விடும். இப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்திவிட்டுப் போக உங்களுக்கு எப்படி மனசு வந்தது?

பீரோவில், முதல் தடவை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அவனே கண்டுபிடித்துவிட்டான். கிளினிக்குக்குப் போய் விசாரித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றவில்லை.

"அம்மா அங்க ஒரே ஒரு தடவைதான் போயிருக்காங்களாம் அத்தை. மத்த சனிக்கிழமை எல்லாம் ரெண்டு பேரும் எங்க போனீங்க?"

"படம் பாக்கப் போனோம் கண்ணு."

எந்தத் தியேட்டர் என்று கேட்டான். சினிமா இல்லை, சுவரில் மாட்டியிருக்கிற படம், அப்புறம் இத்தாலி ஓட்டலில் சாப்பாடு என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தான். அம்மாவுக்கு அதெல்லாம் என்ன தெரியும், நீங்க இழுத்துக்கொண்டு போயிருப்பீங்க என்றான். அதுவரை பயந்துகொண்டிருந்தவளுக்கு அந்த ஒரு பேச்சில் எங்கிருந்தோ கோபம் வந்துவிட்டது. பஸ்ஸில் நீங்க கேட்டதில் இருந்து, சாம்பல் படம், ரிசோட்டோ வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். மூச்சு வாங்கச் சொல்லி முடித்தபோது அவன் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

கடைசியாகப் போன அன்று அம்மா எப்படி இருந்தாங்க என்று கேட்டான். பெஞ்சைப் பற்றிச் சொன்னேன். சாப்பிடாததையும் சொன்னேன். மூச்சு வாங்கினாங்களா, வேர்த்ததா என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை கண்ணு, படத்தைப் பார்க்கிறாங்க என்று நினைத்தேன் என்றேன்.

"மேல் மாடியிலயே டாக்டர் இருந்தாரே அத்தை" என்றான். எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் இரண்டு மாசம் என்னோடு பேசவில்லை.

அந்த இரண்டு மாசமும் நான் பட்டது உங்களுக்குத் தெரியுமா? நீங்க படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீங்களா, வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தீங்களா? நான் உங்க முகத்தை ஒரு தடவை முன்னால் வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? என் நினைவில் உங்க பின்கொண்டையும் முதுகும்தான் வருகின்றன. எவ்வளவு யோசித்தாலும் முகம் வர மாட்டேன் என்கிறது.

அண்ணனுக்குப் பிரபு சொல்லிவிட்டான். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு சாயங்காலம் வந்து, காபியைக் குடித்து முடித்துவிட்டு, என்னிடம் கேட்டிருந்தால் போகக் கூடாது என்றா சொல்லியிருப்பேன் என்று கேட்டார்.

"போகாதீங்கன்னு சொல்லியிருக்க மாட்டீங்கண்ணா. 'எதுக்கு'ன்னு கேட்டிருப்பீங்க. அதுக்கு நங்கைகிட்டப் பதில் இல்ல" என்றேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று, என்னையும் ஒரு தடவை அங்கே கூட்டிப் போ என்றார். எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை. நம்ம இடத்துக்கு இவர் எதற்கு என்றுதான் தோன்றியது. உண்மையைச் சொல்கிறேன், கோவித்துக்கொள்ளாதீங்க.

நான் பயந்தபடிதான் நடந்தது. கண்காட்சி முழுவதையும் ஐந்து நிமிஷத்தில் பார்த்து முடித்தார். படத்தின் சட்டம் தேக்கா என்று தட்டிப் பார்த்தார். இதையெல்லாம் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். ஏசி எத்தனை டன் என்று கேட்டார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனோடு முப்பத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினவங்க, இங்கே தனியாக வந்து உட்கார ஆசைப்பட்டதில் என்ன தப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஷோபா உள்ளே இருந்து வந்தார். இன்னொரு அம்மா எங்கே, மெசேஜ் போட்டும் பதிலே இல்லையே என்றார். நான் சொன்னேன். எப்போது என்று கேட்டார். தேதியைச் சொன்னதும், நீங்க கடைசியாக அங்கே வந்த நாளை விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"கடைசியா வந்த அன்னிக்கு நீங்க போன் பேச வெளிய போனப்ப என்கிட்டத் தண்ணி கேட்டாங்கம்மா. நெஞ்சு எரியுதுன்னாங்க. மேல டாக்டர் இருக்காரு, கூட்டிட்டுப் போறேன்னேன். வேண்டாம், உக்காந்தா சரியாப்போயிரும், நாத்தனார்கிட்டச் சொல்லீராதீங்கன்னாங்க."

அவர் அழ ஆரம்பித்துவிட்டார். பெரியவங்க சொல்கிறார்களே என்று பேசாமல் இருந்துவிட்டேன், என் தப்புதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். முன்பின் தெரியாத ஒருவரை, நம்மைச் சந்தோஷமாக உள்ளே விட்ட ஒருவரை, இப்படி அழ வைத்துவிட்டீங்களே நங்கை. ஊரையே ஏமாற்றும்போது நாம் இரண்டு பேர் ஒரு பக்கம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் என்னிடமும் மறைத்துவிட்டீங்க. வயிறு மந்தம் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னீங்க. நான் அதையும் நம்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருந்தால் மாடிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அண்ணனுக்கு போன் போட்டிருப்பேன். அதோடு நம்ம சனிக்கிழமை முடிந்துபோயிருக்கும். அதற்குப் பயந்துதானே? ஒரு சனிக்கிழமையைக் காப்பாற்றப் போய் எல்லாச் சனிக்கிழமையையும் விட்டுவிட்டீங்களே. இந்தக் கணக்கு எந்த ஊர்க் கணக்கு?

அண்ணன் ஷோபாவுக்கு ஆறுதல் சொன்னார். உங்க மேல தப்பில்லை அம்மணி, அவ அப்படித்தான், எனக்கே சொல்ல மாட்டா என்றார். பிறகு போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தார். எதிரே ஏதோ மஞ்சளும் பச்சையுமாக ஒரு படம். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை சாந்தா என்று மட்டும் சொன்னார்.

ஓட்டலில் நீங்க சாப்பிடுவதையே தனக்கும் சொல்லச் சொன்னார். ரிசோட்டோவை ஒரு வாய் வைத்துவிட்டு, அரிசி வேகவில்லை என்றார். அது அப்படித்தான் இருக்கும் என்றேன். பிடிக்காமலே தட்டைக் காலி செய்தார். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது, நீங்க சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரபு காரைக் கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தினான். இரண்டு மாசத்துக்கு அப்புறம் அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை, ஏறுங்க அத்தை என்பதுதான். எங்கே என்றேன். உங்களுக்கு நெஞ்சை ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடலாம் என்றான். எனக்கு ஒன்றும் இல்லை கண்ணு என்றேன். அம்மாவும் அதையேதான் சொன்னாங்க என்றான். ஏறி உட்கார்ந்தேன். ஈசிஜி, எக்கோ, ரத்தம், எல்லாம் எடுக்க வைத்தான். கோளாறு ஒன்றும் இல்லை. டாக்டர் அதைச் சொன்னதும் அவன் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். உங்களுக்குச் செய்ய முடியாததை எனக்குச் செய்கிறான் என்று புரிந்தது. ஒழுங்காக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கே செய்திருப்பானே.

போன சனிக்கிழமை நான் தனியாகப் போய்விட்டு வந்தேன். பஸ்ஸில் நம்ம வீதி ஜோதி பார்த்துவிட்டு, ஏனுங்க அக்கா, எங்கே போறீங்க என்று கேட்டாள். கண்காட்சி பார்க்க, அப்படியே இத்தாலி சாப்பாடு சாப்பிட என்றேன். தனியாகவா, எதற்கு என்றாள். பிடித்திருக்கிறது, அதற்குத்தான் என்றேன். நாக்கு கொஞ்சம் குழறியது, ஆனால் சொல்லிவிட்டேன். அவ்வளவு சின்னப் பதிலுக்கா இரண்டு வருஷம் உங்க முட்டியைப் பாடாய்ப் படுத்தினோம்?

படங்கள் சுமார்தான். ஆனாலும் முழுக்கப் பார்த்தேன். பீட்சாவில் பாதி மிஞ்சியது. பேச ஆள் இல்லாமல் சாப்பிடும்போது அந்தத் தக்காளிக்கு ருசியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி. உங்க மேல இருக்கிற கோபம் இப்போதைக்குத் தீராது. அதற்காகப் போகாமல் இருக்க மாட்டேன். மாசத்தில் ஒரு சனிக்கிழமை போவேன், எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே போவேன், பிடிக்காத படத்துக்கு முன்னாலும் ஐந்து நிமிஷம் நிற்பேன். எனக்கு நெஞ்சு வலித்தால், எவ்வளவு நல்ல படத்துக்கு முன்னால் நின்றாலும், பக்கத்தில் இருக்கிறவர் கையைப் பிடித்து அப்பவே சொல்லிப்போடுவேன். உங்களை மாதிரி இருக்க மாட்டேன் நங்கை. இது சத்தியம்.

உங்க பங்கையும் சேர்த்துச் சாப்பிட்ட,
உங்க நாத்தனார்
சாந்தாமணி